தொண்டைக்குக் குடிவந்த ரத்த அணுக்கள்

பயாப்ஸி லேபில் வேலை பார்ப்பவர்களிடம் யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. "வரேன்" என்ற பாதியை விழுங்கிவிட்டு, ரிப்போர்ட் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிடுவார்கள்.

நீங்களும் என்றைக்காவது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் மிதப்பதைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல், இப்படி ஒரு கவுண்ட்டர் முன்னால் நின்றிருப்பீர்கள். உங்களுக்கு அந்த ஒரு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் லேப். நான் டெக்னீஷியன். சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் போட்டு டாக்டர் மேடத்தின் மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைப்பது வரை என் வேலை. என்ன வியாதி என்று சொல்வது மேடத்தின் வேலை. டப்பா வாங்குவதும், செக்கப்புக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பதும், ரிப்போர்ட் கொடுப்பதும் கவுண்ட்டரில் இருக்கும் டேவிட்டின் வேலை. டேவிட் லீவு போட்டாலோ டீ குடிக்கப் போனாலோ கவுண்ட்டரும் என் தலையில்தான் விழும். இரண்டும் அடிக்கடி நடக்கும்.

ரத்தம் நார்மல்

செம்பாக்கம் காலனியிலிருந்து வந்தவர் நாராயணன் சார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் தைராய்டு வீங்கி, அதிலிருந்து எடுத்த துண்டு எங்களிடம் வந்திருந்தது. லிம்போமா என்று ரிப்போர்ட் போனது. ரத்தத்தில் திரிகிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, ஓரிடத்தில் கூடிப் பெருகிக் கட்டியாவதற்கு அந்தப் பெயர். மறுநாள் காலை ஷட்டர் தூக்கும்போதே சார் வாசலில் நின்றார். எங்கள் ரிப்போர்ட்டைக் கவுண்ட்டரில் வைத்தார். அதன் பக்கத்திலேயே தன் ரத்தப் பரிசோதனைத் தாளையும் வைத்தார். "ரத்தம் நார்மல்னு இதோ இருக்கு. அப்புறம் ரத்த அணு கட்டியாச்சுன்னு எப்படி எழுதறீங்க? நான் கொடுத்தது என் கழுத்து. நீங்க பார்த்தது யாருடையதோ!" என்று சத்தம் போட்டார்.

மேடம் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ரத்த அணு என்றால் ரத்தக்குழாய்க்குள்ளேயே அடைந்து கிடக்காது, உடம்பு முழுக்க ரோந்து போகும், எங்கேயாவது ஓரிடத்தில், வயிற்றிலோ கண்ணுக்குப் பின்னாலோ தைராய்டிலோ, தங்கிக் கட்டியாவதும் உண்டு, அப்போதும் ரத்தப் பரிசோதனை சமர்த்தாக நார்மல் என்றே காட்டும் என்று பொறுமையாகச் சொன்னார். சார் சண்டையை நிறுத்திவிட்டு வைத்தியத்துக்குப் போனார். மருந்து ஏற்றியதில் கட்டி கரைந்து, கொட்டிய முடியும் முளைத்து, ஒருநாள் ஸ்வீட் பெட்டியோடு வந்தார். "மேடம், நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரி. ஆனா அன்னிக்கு ஒரு பேச்சுக்காவது 'தப்பா இருக்கலாம் சார்'னு சொல்லியிருந்தா, ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பேன்!"

கரையிலிருந்து வந்த டப்பா

இப்படி இடம் மாறி முளைக்கிற ரத்த அணுக் கட்டிகளை எங்கள் லேப் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் ஸ்டெல்லா வந்தபோது எங்களில் ஒருவருக்கும் அந்த நினைப்பே இல்லை.

ஸ்டெல்லா கோவளத்துக்காரர். கரையில் மீன் ஏலம் விடுவது அவர் தொழில். போட் வந்து வலையைக் கொட்டியதும் கூட்டத்துக்கு நடுவில் நின்று விலை கூவுவார். வீட்டுக்காரர் சூசை, அந்த மீனைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு சிட்டிக்குள் போய்ப் போடுவார். கொஞ்ச நாளாக ஸ்டெல்லாவுக்குக் குரல் கம்மிக்கொண்டே வந்திருக்கிறது. கத்திக் கத்தித்தான் என்று மிளகு ரசம் குடித்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் ஒரு கட்டி இருக்கிறது என்று மிளகளவு கிள்ளி டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டார். கேன்சராக இருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதாவது கழுத்தில் ஒரு ஓட்டை, அதற்குப் பிறகு சத்தமே கிடையாது.

கேளம்பாக்கம் சுற்றி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். டேவிட் பேர், வயசு எல்லாம் கேட்க, ஸ்டெல்லா சொல்லச் சொல்லக் காற்றுதான் வந்தது. சூசை வாய்விட்டு மொழிபெயர்த்தார். எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆகும் என்றதும், ஸ்டெல்லா கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து, டேவிட்டுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "சீக்கிரம் பார்த்துச் சொல்லு யக்கா. எனுக்குப் பதிலா எங்க நாத்துனா ஏலம் வுட்டுகினு கீறா. வஞ்சிரத்தைச் சும்மா தூக்கிக் குடுத்துகினு கீறா!"

மூஞ்சி சரியில்லை

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் முதலில் படிப்பது எங்கள் முகத்தை. நீங்களும் படித்திருப்பீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள். கவரைக் கையில் கொடுப்பதற்குள் எங்கள் நெற்றிச் சுருக்கம், உதடு, கண் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிடுவீர்கள். அதனால் நல்ல ரிப்போர்ட்டோ கெட்ட ரிப்போர்ட்டோ ஒரே முகமாகக் கொடுப்பது என்று நாங்கள் பழகிவைத்திருக்கிறோம். டேவிட்டுக்கு அது பிறவியிலேயே வாய்த்தது. எனக்கு வராது. மனசில் இருப்பது அப்படியே என் முகத்தில் தெரிந்துவிடும் என்று எங்கள் வீட்டுக்காரரே சொல்வார்.

ரிப்போர்ட் தயாராவதற்கு முன்பே ஸ்டெல்லா ஒருநாள் காலையில் வந்து நின்றுவிட்டார். அன்றைக்குப் பார்த்து டேவிட் லீவு. பெருங்களத்தூரில் டிரெயினைத் தவறவிட்டு, டிபன் பாக்ஸை வீட்டிலேயே மறந்து, காலி வயிற்றோடு எரிச்சலாகக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "உன் மூஞ்சி சரியில்லியே யக்கா" என்றார் காற்றுக் குரலில். ஐயோ, ரிப்போர்ட்டே இன்னும் வரவில்லை, நான் சாப்பிடவில்லை, அவ்வளவுதான் என்று எழுந்து ஓடிப்போய் விளக்கினேன். ஸ்டெல்லா நம்பவில்லை. எதிர்க் கடைக்குப் போய் இட்லிப் பொட்டலம் வாங்கிவந்து என் முன்னால் பிரித்து வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இப்ப சரியாக் கீது. நீ தெனம் சாப்ட்டுட்டு வா யக்கா, எனுக்கு உசுரு போய் உசுரு வர்து!"

ஒரே நிறச் சட்டை

அன்று மத்தியானம் மேடம் ஸ்டெல்லாவின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். குரல்வளைக் கட்டி என்றால் வழக்கமாக வருவது மேல்தோல் கேன்சர்தான். மேடம் அதை எதிர்பார்த்துத்தான் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "தோல் நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கீழே முழுக்கப் பிளாஸ்மா செல்லா இருக்கே!" என்றார். பிளாஸ்மா செல்லும் வெள்ளை அணு வம்சம்தான். பெரும்பாலும் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் குடியிருந்து, கிருமிக்கு எதிராக மருந்து தயாரித்து அனுப்புவது அதன் பிழைப்பு. எங்கேயாவது புண், சீழ் என்றால் அங்கேயும் கூட்டமாக வரும், வேலை முடிந்ததும் கலைந்துவிடும். ஸ்டெல்லா தொண்டையில் அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

எனக்குப் புரியவில்லை என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு ஸ்பெஷல் சாயம் போட்டால் தெரிந்துவிடும் என்றார் மேடம். இந்த அணுக்களில் இரண்டு ரகம் உண்டாம். இரண்டும் கலந்திருந்தால் புண்ணுக்காக வந்த கூட்டம். எல்லாமே ஒரே ரகமாக இருந்தால் ஒன்றிலிருந்து பெருகிய கட்டி. அந்தச் சாயம் எங்கள் லேபில் கிடையாது. மெழுகுக் கட்டியைச் சிட்டியில் உள்ள பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். எது நல்லது மேடம் என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறவங்க ஆளுக்கொரு சட்டை போட்டிருந்தா அது கூட்டம். எல்லாரும் ஒரே நிறச் சட்டைன்னா அது கட்சி. ஸ்டெல்லாவுக்குக் கூட்டமா இருக்கட்டும்."

மாதா காலடியில்

மெழுகுக் கட்டி என்பது தீப்பெட்டியை விடச் சின்னது. அதற்குள்தான் நோயாளியின் சதை இருக்கும். கூரியர் தாமதமாகும் என்று, தினமும் சிட்டிக்குப் போகிற சூசையே கொண்டுபோவதாக ஏற்பாடு. டேவிட் அதைக் கவரில் போட்டுக் கொடுத்து, "அண்ணா, இதுதான் இப்போ எல்லாம். இது போச்சுன்னா அக்காவுக்குத் திரும்பவும் மயக்கம் கொடுத்துத் தொண்டையில கிள்ளணும். ரொம்பப் பத்திரமான இடத்துல வைங்க" என்று சொல்லி அனுப்பினான். அதில் ஒரு தப்பும் இல்லை. கேட்டவர் ஒரு தப்பும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த ரொம்பப் பத்திரமான இடத்தில்தான் வைத்தார். குட்டி யானையில் ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டி, ஒரு சின்ன மாதா சுரூபம் இருக்கிறது. கவரிலிருந்து பிரித்து எடுத்து, மாதா காலடியில் வைத்து, கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்.

கத்திரி வெயில். லோடை இறக்கிவிட்டு, வண்டியின் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் மாதாவின் பாதத்தைச் சுற்றி மெழுகு வழிந்து கிடக்கிறது. யாரோ மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். அப்புறம்தான் விஷயம் புரிந்து, எதையும் தொடாமல், சுரூபத்தையே பெயர்த்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வண்டியோட்டித் தாம்பரம் வந்து சேர்ந்தார். ஆறடி மனிதர் கவுண்ட்டரில் தேம்பித் தேம்பி அழுதார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது? மாதாமேலா?

சுரூபத்தை உள்ளே தூக்கிப்போய் விளக்கடியில் வைத்து மெழுகைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். மெழுகுதான் உருகும், சதை உருகாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அந்த மிளகளவு துண்டு, மாதாவின் நீல அங்கியின் மடிப்பில் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் புது மெழுகில் மறுபடி பதித்து, ஒரு சீவல் சீவிச் சாயம் போட்டு மேடத்திடம் கொடுத்தேன். மேடம் பார்த்துவிட்டு, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார். இந்தத் தடவை டேவிட்டே எலெக்ட்ரிக் டிரெயினில் அதை எடுத்துக்கொண்டு போனான். சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டு சுரூபத்தை என்னிடமிருந்து வாங்கினார். "நான்தான் பேஜார் பண்ட்டேன் யக்கா. ஆனா பாத்தியா, மாதா வுடலியே, கெட்டியாப் புச்சிகினு கீது!"

பைக் யாருக்கு

சிட்டியிலிருந்து பதில் வருவதற்காகக் காத்திருந்த நாள்களில் பொத்தேரிப் பக்கம் தங்கிப் படிக்கிற பையன் ஒருவன் ரிப்போர்ட் வாங்க வந்தான். கூடவே ஒரு பட்டாளம். அவனுக்கு ஈறில் ஒரு வீக்கம். அதிலும் பிளாஸ்மா செல் கூட்டம் என்று மேடம் சந்தேகப்பட்டு, அதே ஸ்பெஷல் சாயத்துக்கு அனுப்பியிருந்தார். பையன் அதற்குள் போனில் படிக்கக்கூடாததையெல்லாம் படித்து முடித்து, தனக்கு இன்னும் எத்தனை மாதம் என்று முடிவே கட்டிவிட்டான்.

அவனுக்கு இரண்டு ரகமும் கலந்திருந்தது. வெறும் புண். பல்லைச் சுத்தம் செய்து மருந்து சாப்பிட்டால் போய்விடும் என்று மேடம் சொன்னதும் அவன் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து அழுதான். நண்பர்கள் எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் தள்ளி நின்று முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். பாவம், ரொம்ப நெருங்கிய சிநேகிதன் போலிருக்கிறது, அதிர்ச்சியில் நிற்கிறான் என்று தண்ணீர் கொடுக்கப் போனேன். அவன் கேட்டான்: "மச்சான், அப்போ உன் பைக்கை எனக்குத் தர்றேன்னு சொன்னது?"

இடுப்பெலும்பு

ஸ்டெல்லாவுக்குக் கூட்டம் இல்லை, கட்சி. எல்லாம் ஒரே ரகம். பிளாஸ்மா செல் கட்டி என்று உறுதியானது. ஆனால் இதில் இரண்டு விதம் இருந்தது. தொண்டையில் மட்டும் என்றால் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தாலே போதும், குரல்வளையில் கத்தி வைக்க வேண்டியதில்லை, நன்றாகக் குணமாகும். எலும்பு மஜ்ஜை முழுக்கப் பரவிவிட்டு, அதில் ஒரு கிளைதான் தொண்டைக்கு வந்திருக்கிறது என்றால் அது வேறு வியாதி, வேறு போராட்டம். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. கடைசியாக இடுப்பெலும்பில் ஊசி விட்டு மஜ்ஜையோடு ஒரு துணுக்கு எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள்.

எலும்பைச் சதை மாதிரி உடனே சீவ முடியாது. ஆசிட்டில் ஊறப்போட்டு இளகவிட வேண்டும். அவசரப்பட்டால் பாழாகிவிடும். என் வேலையில் இதுவரை எத்தனையோ எலும்புத் துணுக்குகளை ஊறப்போட்டிருக்கிறேன். இதற்குச் செய்தது போல வேறு எதற்கும் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் மலைக்குப் போனபோது, வீட்டு விஷயங்களைக் கேட்கப் போனவள், முருகா அந்த எலும்பு சுத்தமாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன். என் பையனின் பரீட்சை ஞாபகமே வரவில்லை.

மேடம் ஸ்லைடைப் பார்க்கிற அன்று ஸ்டெல்லாவும் சூசையும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். நான் உள்ளே மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அன்றுதான் தெரிந்தது, கண்ணாடிக்கு உங்கள் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று. மேடத்தின் முகத்தைப் பார்க்கலாம் என்றால் அது மைக்ராஸ்கோப்பில் இருக்கிறது. காதைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? கடைசியில் மேடம் நிமிர்ந்து, "சுத்தம்" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு இருவரையும் உள்ளே கூப்பிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, தொண்டையில் மட்டும்தான், குரல்வளையை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பின்னால் என்றைக்காவது எலும்பில் வரக்கூடும், அதனால் வருஷக்கணக்காக விடாமல் செக்கப்புக்கு வர வேண்டும் என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேடத்தை விட்டு என் பக்கம் திரும்பி, அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு மறுபடியும் கலவரம் வந்துவிட்டது. "யம்மா டாக்டரு, நீ நல்ல சேதி சொல்ற. இந்த யக்கா மூஞ்சி வேற சொல்லுதே!"

ஏலம்

கரண்ட் வைத்த வாரங்களில் ஸ்டெல்லா ரொம்பக் கஷ்டப்பட்டதாகச் சூசை வந்து சொல்வார். தொண்டை வறண்டு, கஞ்சிகூட முழுங்க முடியவில்லையாம். அதற்குப் பிறகு அவர்களைக் காணவில்லை. வராமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிற தொழில் எங்களுடையது. அதனால் நினைத்தும் நினைக்காமலும் இருந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் காலை, உள்ளே சீவிக்கொண்டிருந்தேன். வெளியே கவுண்ட்டர் பக்கம் ஒரு பெரிய சத்தம். சண்டை என்று நினைத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தேன். ஸ்டெல்லா ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தார். செக்கப்புக்கு ரத்தம் கொடுக்க வந்தவர். பெட்டியைத் திறந்து, ஒரு பெரிய வவ்வால் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். குரல் லேசாகக் கரகரத்தது. ஆனால் குரல்தான், காற்று இல்லை. சந்து முனை வரை கேட்டிருக்கும். பெஞ்சில் பேயறைந்தமாதிரி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு பெரியவர் நிஜமாகவே விலை கேட்டுவிட்டார். மேடம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து வந்து வாசலில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

மீனை யாருக்கும் விற்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் பங்கு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா படியிறங்கினார். பாதிப் படியில் நின்று திரும்பி, கரைக்கே கேட்கிற குரலில், "போய்ட்டு வரேன் யக்கா!" என்றார். பெஞ்சில் இருந்த ஒரு அம்மா பதறிப்போய், இந்த இடத்தில் அப்படிச் சொல்லக்கூடாது, வாயைக் கழுவு என்றார். ஸ்டெல்லா சிரித்தார். "நீ இன்னாம்மா! நான் வந்துகினே இருந்தாத்தான் நல்லாக் கீறேன்னு அர்த்தம். வர்லன்னாதான் பயப்படணும். வரேன் யக்கா, வரேன், வரேன்!"

எங்கள் லேபில் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். அவர் வந்துபோகிற நாளெல்லாம் ஃபார்மலின் நாற்றத்தை மீன் நாற்றம் அடித்துப்போட்டுவிடுகிறது என்பதைத் தவிர எங்களுக்கு வேறொரு குறையும் இல்லை.